மதுரையில் கோயில் பக்கத்து ஓட்டலில் பில்லுக்குச் சண்டை போட்டேன், அந்தக் காசு யார் தலையில் விழும்?

கோவைக்காரன்77 கேட்டது:

போன வாரம் அம்மா, அக்கா, அக்கா பையன், நான் என்று நாலு பேர் மதுரை போயிருந்தோம். மீனாட்சியைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது மணி பன்னிரண்டே முக்கால். அம்மாவுக்கு 74 வயது, முட்டிவலி, வெயில் வேறு கொளுத்துகிறது. அதிக தூரம் நடக்க வைக்க முடியாது என்று டவுன் ஹால் ரோடு பக்கம் கண்ணில் பட்ட முதல் சைவ ஓட்டலில் நுழைந்துவிட்டோம். கடைப் பெயர் வேண்டாம். மோசமான கடை இல்லை, அதனால்தான் எனக்கு இவ்வளவு குழப்பம்.

உள்ளே காத்திருக்க இடம் கிடையாது. சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும், அவர் எழுந்ததும் உட்கார வேண்டும், அதுதான் வரிசை. மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்குப் பின்னால் நாங்களும் நின்றோம், எப்போது இலையை மடிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே. கூச்சமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் முதுகுக்குப் பின்னாலும் ஆள் வந்து நிற்கும் என்று அப்போது தோன்றவே இல்லை.

சாப்பாடு அருமை. வத்தக்குழம்பை அம்மா இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார், வீட்டில் அவர் எதையும் இரண்டாம் தடவை கேட்டு நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. ஆனால் அவர் மெதுவாகத்தான் சாப்பிடுவார். ரசத்துக்கு வரும்போதே பில் வந்துவிட்டது, இன்னும் மோர் பாக்கி. பின்னால் நின்றவர் தன் பையை அம்மா நாற்காலியின் முதுகில் மாட்டினார். அம்மா பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டார். "போதும்டா, நிக்கிறாங்க பாரு" என்றார். அங்கேதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

பில்லைப் பார்த்தேன். சாப்பாடு மூன்று, 450. பையனுக்குத் தயிர்சாதம், 80. தண்ணீர் பாட்டில் இரண்டு, 60. பாட்டிலில் அச்சடித்த விலை 20தான், அதுவும் நாங்கள் கேட்காமலேயே டேபிளில் வைத்தது. அப்புறம் காலிஃபிளவர் வறுவல் 70. இதை யார் கேட்டார்கள்? சப்ளையர் பையன் ஒரு கிண்ணத்தோடு வந்து "வைக்கட்டுமா" என்றான், சாப்பாட்டோடு வருவது என்று நினைத்து அம்மா தலையாட்டினார், அவ்வளவுதான். கூட்டினால் 660. அதன்மேல் சர்வீஸ் சார்ஜ் ஐந்து சதவீதம், 33. இரண்டும் சேர்ந்த 693 மேல் ஜிஎஸ்டி 34.65. மொத்தம் 728.

கல்லாவில் சத்தம் போட்டேன். கொஞ்சம் அதிகமாகவே போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. கல்லாவில் இருந்தவர் அந்தப் பையனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் "கேக்காம ஏண்டா வைக்கிற" என்று திட்டினார். வறுவலையும் சர்வீஸ் சார்ஜையும் எடுத்துவிட்டு 620க்கு வேறு பில் போட்டுக் கொடுத்தார். தண்ணீரை மட்டும் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வெளியே வரும்போது அந்தப் பையன் நாங்கள் எழுந்த டேபிளில் அடுத்த இலை போட்டுக்கொண்டிருந்தான், நிமிர்ந்தே பார்க்கவில்லை. இருபது வயதுகூட இருக்காது, தமிழும் சரியாக வரவில்லை.

108 ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு ரயிலில் கோவை வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கேள்வி இதுதான்: அந்த 70 ரூபாயை அவன் சம்பளத்தில் பிடிப்பார்களா? ஓட்டலில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். கூடவே இந்த சர்வீஸ் சார்ஜ் சட்டப்படி செல்லுமா, வயதானவர்களை அந்த ஏரியாவில் எங்கே நிம்மதியாகச் சாப்பிட வைக்கலாம், இதையும் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பில்லுக்குப்புலி:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பில்லைப் படம் எடுத்து மேப்பில் ஒரு நட்சத்திரம் போட்டு ஏற்றுங்கள், அந்தப் பையனையும் அடையாளம் சொல்லி எழுதுங்கள். இவர்களுக்கெல்லாம் அந்த மொழிதான் புரியும்.

எச்சில்இலைஎடுத்தவன்:

புலி சார், பையனை அடையாளம் சொல்லி எழுதினால் மறுநாள் காலையில் அவன் வேலை போகும், வறுவல் அதே விலையில் தொடரும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

நான் பதினோரு வருஷம் ஓட்டலில் இருந்தவன். பதினாறு வயதில் இலை எடுக்கச் சேர்ந்தேன், அப்புறம் தண்ணீர் ஊற்றுவது, அப்புறம் சப்ளையர். மதுரையில் நாலு கடை, ஈரோட்டில் ஒன்று, சென்னையில் இரண்டு. இப்போது சொந்தமாக வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். அதனால் கேள்விக்கு நேராகவே பதில் சொல்ல முடியும்: பிடிப்பதும் உண்டு, பிடிக்காததும் உண்டு, கடைக்குக் கடை மாறும்.

சமையல்கட்டிலிருந்து ஒரு கிண்ணம் வெளியே வந்தால் அது யார் பெயரில் வந்தது என்று கணக்கு இருக்கும். முன்பெல்லாம் டோக்கன், இப்போது மெஷின். ராத்திரி கல்லாவை முடிக்கும்போது போன சரக்கும் வந்த பில்லும் ஒத்துப்போக வேண்டும். பில் கேன்சல் ஆனால் நல்ல முதலாளி ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விடுவார். வேறு சிலர் அதைச் சப்ளையர் பெயரில் எழுதி வைப்பார்கள். நான் இருந்த ஒரு கடையில் உடைந்த டம்ளருக்கும் காசு, வாடிக்கையாளர் பில் கட்டாமல் நழுவினாலும் என் காசு. ஒரு தடவை ஆறு பேர் பரோட்டா, குருமா, ஆளுக்கொரு ஆம்லெட் என்று முழுசாக வெட்டிவிட்டுக் கை கழுவப் போனவர்கள் அப்படியே பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள். எனக்கு மூன்று நாள் கூலி போனது. இன்றைக்கும் யாராவது சாப்பாட்டு நடுவில் கை கழுவ எழுந்தால் என் கண் தானாகப் பின்வாசலைப் பார்க்கும்.

அந்த வறுவல் விஷயம். பையனாகக் கண்டுபிடித்து வைத்ததில்லை அது. காலையில் சூப்பர்வைசர் சொல்லிவிடுவார், இன்றைக்கு இது போக வேண்டும் என்று. காலிஃபிளவர் நிறைய வெட்டிவிட்டார்கள் என்றால் அன்றைக்கு எல்லா டேபிளுக்கும் "வைக்கட்டுமா"தான். வடக்கிலிருந்து வருகிற பையன்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தரும் தமிழே ஐந்தாறு வார்த்தைதான், அதில் இதுவும் ஒன்று. வைக்கட்டுமா என்றால் விற்கட்டுமா என்று அர்த்தம் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அதனால் கல்லாவில் உங்கள் முன்னால் அவனைத் திட்டினாரே, அது உங்களுக்காகப் போட்ட நாடகம். நீங்கள் படி இறங்குவதற்குள் அதே வறுவல் அடுத்த டேபிளுக்குப் போயிருக்கும். நானும் அந்தத் திட்டை நூறு தடவை வாங்கியிருக்கிறேன், ராத்திரி அதே முதலாளி "மனசுல வச்சுக்காதடா" என்று ஒரு டீ வாங்கித் தருவார். காசைப் பிடித்தாரா இல்லையா என்பது மாசக் கடைசியில்தான் தெரியும்.

எளிதாக ஒரு அடையாளம் சொல்கிறேன். சாப்பாட்டில் வாளியில் வருவதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கு, சாம்பார், குழம்பு, ரசம், மோர், பொரியல், கூட்டு எல்லாம். தயிர், பாயசம் தவிரக் கிண்ணத்திலோ தட்டிலோ தனியாக வருவது பெரும்பாலும் தனிக்கணக்கு. அசைவ மெஸ்ஸில் பெரிய தட்டில் சுக்கா, ஈரல், மீன், நண்டு என்று அடுக்கி முகத்துக்கு நேரே நீட்டுவார்கள் பாருங்கள், அங்கேயும் இதே கதைதான், எடுத்தால் காசு. "சாப்பாட்டோட வர்றதா, தனியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், எந்தச் சப்ளையரும் பொய் சொல்ல மாட்டான்.

சர்வீஸ் சார்ஜ் பற்றி எனக்குச் சட்டம் தெரியாது. பதினோரு வருஷத்தில் அந்தப் பெயரில் ஒரு ரூபாய்கூட என் கைக்கு வந்ததில்லை, அது மட்டும் தெரியும்.

வரிக்கணக்கு:

நான் சில ஓட்டல்களுக்குக் கணக்கு எழுதுகிறவன், சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

சர்வீஸ் சார்ஜ் அரசாங்க வரி இல்லை, கடைக்காரர் தானாகப் போடுவது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் தேதி வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது, அதைச் சேர்த்து அதன்மேல் ஜிஎஸ்டியும் போடக் கூடாது என்பதுதான் சாரம். ஓட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போய் அதே மாதத்தில் தடை வாங்கின. கடைசியில் 2025 மார்ச் 28ஆம் தேதி நீதிமன்றம் விதிகள் செல்லும் என்று சொல்லிவிட்டது, வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆக உங்கள் பில்லில் 33 ரூபாயை எடுக்கச் சொன்னது நியாயம்தான். எடுக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். நடைமுறையில் அந்த எண்ணைச் சொன்னாலே பாதிக் கல்லாவில் வேலை முடிந்துவிடும்.

ஜிஎஸ்டி ஐந்து சதவீதம், அதைப் பாதி பாதியாக இரண்டு வரியில் காட்டுவார்கள். 2017 நவம்பர் 15 முதல் இந்தக் கணக்குதான், அதற்கு முன்னால் ஏசி ஓட்டலுக்கு 18, ஏசி இல்லாததற்கு 12 என்று இருந்தது. பில்லில் 33 என்று தொடங்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த 33 தமிழ்நாட்டுக்கான குறியீடு. சின்னக் கடைகள் சிலது காம்போசிஷன் திட்டத்தில், அதாவது மொத்த விற்பனையில் ஒரு சின்னச் சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் திட்டத்தில் இருக்கும், அவர்கள் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கவே கூடாது. எண்ணே இல்லாமல் ஜிஎஸ்டி என்று ஒரு வரி மட்டும் இருந்தால் தைரியமாகக் கேளுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் 2022 ஜனவரியிலிருந்து பில்லில் இருந்தாக வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நீங்கள் நினைப்பது சரியில்லை. ஓட்டலில் உட்கார வைத்துக் கொடுக்கும் பாட்டிலுக்கு அச்சடித்த விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இடம், ஆள், மேஜை எல்லாம் சேர்ந்த சேவை அது, வெறும் விற்பனை இல்லை என்பது வாதம். எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் தீர்ப்பு அதுதான். பாட்டிலின் மூடியைத் திறக்காமல் அப்போதே திருப்பிக் கொடுத்திருந்தால் 60 ரூபாயும் மிச்சம்.

சத்திரம்மெஸ்:

எல்லாரும் கல்லாவுக்கு வெளியே நின்று பேசுகிறீர்கள். நான் உள்ளே உட்கார்ந்திருப்பவன், திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் 38 இருக்கை உள்ள மெஸ்.

கேட்காத வறுவலை வைத்ததும் சர்வீஸ் சார்ஜும் தப்பு, அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் பில்லை ஏன் ரசத்திலேயே வைக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு வியாபாரம் என்பது பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரைக்கும்தான், இரண்டரை மணி நேரம். அதற்குள் ஒரு நாற்காலியில் நாலு பேராவது உட்கார்ந்து எழுந்தால்தான் எனக்கு வாடகை கட்ட முடியும். மேலே ஒருவர் ஐந்து சதவீத ஜிஎஸ்டி என்றார், சரி, ஆனால் அந்த ஐந்துக்கு உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. கடை வாடகைக்கு நான் கட்டும் 18, கமர்ஷியல் சிலிண்டருக்குக் கட்டும் 18, எதுவும் திரும்பி வராது, எல்லாம் சாம்பாரில்தான் கரைய வேண்டும். முகூர்த்த நாள் வந்தால் இலை விலை அன்றைக்குக் காலையில் மார்க்கெட் போனால்தான் தெரியும், சின்ன வெங்காயத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சாப்பாட்டு விலையைப் பத்து ரூபாய் ஏற்றினால் வழக்கமாக வருகிறவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார். அதனால்தான் இந்த வறுவல், தண்ணீர் பாட்டில் எல்லாம் உள்ளே நுழைகிறது. நேரடியாக ஏற்ற முடியாததைப் பக்கவாட்டில் ஏற்றுகிறார்கள்.

வயதானவர்கள் வந்தால் நான் அவசரப்படுத்த மாட்டேன். ஆனால் பின்னால் நிற்கிறவரை எப்படி நிறுத்துவது என்று எனக்கும் தெரியவில்லை. வாசலில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பார்த்தேன், ஒருவரும் உட்காரவில்லை, எழுந்து வருவதற்குள் வேறு யாராவது இடத்தைப் பிடித்துவிடுவார்கள் என்று பயம். டோக்கன் கொடுத்தும் பார்த்தேன். டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டே நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

கோவைக்காரன்77:

டோக்கனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று படித்துச் சிரித்துவிட்டேன், நானும் அன்றைக்கு அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் அண்ணே, விலையை 150க்குப் பதில் 170 என்று போர்டில் எழுதியிருந்தால் முணுமுணுக்காமல் கொடுத்திருப்பேன். அம்மாவைத் தலையாட்ட வைத்து 70 வாங்கியதுதான் ஆறவில்லை. வெளியே வந்ததும் "நான்தான் தெரியாம சரின்னுட்டேன்" என்று அவர் நாலு தடவை சொன்னார், ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி.

இலைஎடுத்த அண்ணனுக்கு நன்றி. மாசக் கடைசியில்தான் தெரியும் என்றீர்களே, அதைப் படித்ததிலிருந்து இன்னும் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. அந்தப் பையனுக்கு ஏதாவது கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. கல்லாவில் கத்திவிட்டுத் திரும்பி வந்து டிப்ஸ் வைப்பதும் ஒரு மாதிரி இருந்திருக்கும்.

சிம்மக்கல்மருமகள்:

வைத்திருக்கலாம். எங்கள் வீட்டுக்காரர் அப்படித்தான் செய்வார், மேனேஜரிடம் மல்லுக்கட்டிவிட்டு வந்து சப்ளையர் கையில் இருபது ரூபாய் கொடுப்பார். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

மூன்றாவது கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை, அதனால் நான். என் மாமனாருக்கு 81 வயது, மாதம் ஒரு தடவை கோயிலுக்குக் கூட்டிப் போகிறோம். முதலில் நேரம். கோயில் நடை பன்னிரண்டரைக்குச் சாத்துவார்கள், திரும்ப நாலு மணிக்குத்தான். பன்னிரண்டரைக்கு உள்ளே இருக்கும் கூட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் சித்திரை வீதிக்கு வரும், அதில் பாதி மேலமாசி வீதி, டவுன் ஹால் ரோடு பக்கம் இறங்கும், போதாததற்கு ரயில் நிலையத்திலிருந்து வருகிறவர்களும் அதே ரோட்டில் எதிரே வருவார்கள். நீங்கள் வந்தது பன்னிரண்டே முக்கால், அதைவிட மோசமான நேரம் கிடையாது. நாங்கள் காலையில் சீக்கிரமே போய்விட்டுப் பதினொன்றேகாலுக்கு வெளியே வந்துவிடுவோம். சாப்பாடு பதினொன்றரைக்கெல்லாம் பல கடைகளில் தயாராகிவிடும், முதல் பந்தியில் உட்கார்ந்தால் பொரியல்கூடச் சூடாக இருக்கும். நேரமாகிவிட்டால் கோயிலிலேயே அன்னதானம் இருக்கிறது, மாமனாருக்கு அதுதான் பிடிக்கும், யாரும் பில் கொண்டுவர மாட்டார்கள் என்பார்.

இல்லையென்றால் ஒரு ஆட்டோ பிடித்துச் சிம்மக்கல் பக்கமோ வைகையைத் தாண்டிக் கோரிப்பாளையம் பக்கமோ வந்துவிடுங்கள். அங்கேயும் கூட்டம்தான், ஆனால் ஊர்க்காரர் கூட்டம், ரயிலுக்கு ஓடுகிற கூட்டம் இல்லை. ஏசி ஹால் என்று மாடியில் இருந்தால் முதலில் படிக்கட்டைப் பாருங்கள். கை கழுவும் இடமும் பல கடைகளில் இரண்டு படி ஏறி ஈரத் தரையில் இருக்கிறது. மாமனார் ஒரு தடவை வழுக்கிவிட்டார், நல்லவேளையாகப் பின்னால் நின்ற கிளீனர் பையன் பிடித்துக்கொண்டான். அதிலிருந்து டேபிளுக்கே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கேட்டு வாங்கிவிடுவேன், முகம் சுளிக்காமல் கொண்டுவருகிற கடைக்குத்தான் மறுபடியும் போவோம்.

பார்சல் வாங்கி அறையில் சாப்பிடலாம் என்று சிலர் சொல்வார்கள். சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிற கடை இன்னும் இருக்கிறது, 2019 ஜனவரியிலிருந்து தடை, இருந்தும் கட்டுகிறார்கள். தூக்குவாளி கொண்டுபோனால் பிரச்சனை இல்லை. சில கடைகளில் தூக்கைப் பார்த்ததும் ஒரு கரண்டி கூடவே ஊற்றுவார்கள், ஏன் என்று தெரியாது.

எச்சில்இலைஎடுத்தவன்:

தூக்குக்கு ஒரு கரண்டி கூட ஏன் என்றால், பையில் கட்டுவதற்கு அளவு கரண்டி, தூக்கில் ஊற்றுவது கை பழக்கம். தூக்கில் பாதிக்குக் குறைவாக ஊற்றினால் எங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும்.

கோவைக்காரன்77:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு "அந்த வத்தக்குழம்புல என்ன வத்தல் போட்டாங்கன்னு கேட்டியா?" என்றார். தை மாதம் மறுபடியும் போக வேண்டுமாம், அதே கடைக்கே. அந்தப் பையன் அங்கே இருந்தால் அவன் பகுதியிலேயே உட்காரலாம் என்று நினைத்திருக்கிறேன், வறுவலை நானே கேட்டு வாங்கிவிடுவேன்.

எச்சில்இலைஎடுத்தவன்:

அவன் உங்களை மறந்திருப்பான் தம்பி, ஒரு நாளைக்கு முந்நூறு இலை போடுகிறவனுக்கு முகம் எங்கே ஞாபகம் இருக்கும். டிப்ஸைப் பில்லோடு வைக்காதீர்கள், கையில் கொடுங்கள். அம்மாவைச் சுவரோரம், முதுகு சுவரில் படுகிற மாதிரி உட்கார வையுங்கள். பின்னால் யாரும் நிற்க முடியாது.